பசுவுக்கு நான்கு கால்!

“பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால் உண்டு. அது நமக்குப் பால் தருகிறது.” இந்த வாசகங்களை ஆங்கிலத்தில் ஒப்புவிக்காமல் இந்நாட்டில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர் எவரேனும் உண்டா? பாட்டன் ஒப்புவித்தான், தகப்பன் ஒப்புவித்தான், பேரன் ஒப்புவித்துக் கொண்டிருக்கிறான். ஆண்டு கொண்டிருந்த வெள்ளையன் 1947-இல் கப்பலேறிவிட்டான். அதன்பின் சர்க்கார்கள் மாறின. பாடப் புத்தகங்களின் அட்டைகள் மாறின. பரீட்சைகளின் பெயர்கள் மாறின. பசு மட்டும் அன்று நின்ற இடத்திலேயே, அதே நான்கு கால்களோடு நின்று கொண்டிருக்கிறது.

நாட்டில் எத்தனையோ பிரச்னைகள் இருக்க, பள்ளிப் பிள்ளை எழுதும் இங்கிலீஷ் கட்டுரையைப் பற்றி ஒரு கட்சி ஏட்டில் எழுத வேண்டுமா என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். எழுதத்தான் வேண்டும் என்கிறோம். ஏனெனில், அந்தக் கட்டுரை சீமான் வீட்டுப் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாது. அவன் வீட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகை வருகிறது. அப்பன் ஆங்கிலம் பேசுகிறான். வருகிற விருந்தாளியும் ஆங்கிலம் பேசுகிறான். பள்ளியில் கற்காததைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே அவன் கற்றுக் கொள்கிறான். தறிக்காரர் மகனுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவள் மகளுக்கும், பஸ் கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் கிடைக்கிற இடம் அந்த ஒரு வகுப்பறைதான். அங்கே கிடைப்பது சரக்கா, வெறும் சாக்கா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

நூற்பாலையில் இருபது ஆண்டுகள் உழைத்த ஒரு தோழரை எடுத்துக் கொள்வோம். ஒரு நாள் நிர்வாகம் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக் கொள்கிறது. தாள் முழுதும் ஆங்கிலம். வீட்டுக்குக் கொண்டு வருகிறார். மகள் பத்தாம் வகுப்புத் தேறியவள். ஆங்கிலத்தில் நல்ல மார்க்கு வாங்கியவள். “என்ன போட்டிருக்கிறான், படி அம்மா” என்கிறார். அவள் படிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது, பொருள் வரவில்லை. இத்தனை நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அந்தத் தாள் சொல்லுகிறது. ‘நாள்’ என்ற சொல் ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடுகிறது. ‘தீப்பற்றி எரிந்த வீடு’ என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரையை ஒற்றைப் பிழையில்லாமல் எழுதியவள் அந்தப் பெண்! தன் வீட்டில் தீப்பற்றிய சேதி கையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியவில்லை.

சங்க ஆபீசுக்கு வருகிற தொழிலாளர்கள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்து எடுக்கும் தாள்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தத் தோழரை நன்றாகத் தெரியும். ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் பலகையில் ஒட்ட வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் விதித்தது. அறிவிப்புகள் விஷயத்தில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் அவ்வாறே சொல்லிற்று. பலகையில் இரு மொழி இருக்கட்டும். கையில் கொடுக்கும் தாளில் எத்தனை மொழி என்பதைத்தான் தோழர்கள் அறிவார்கள். தமிழில் கொடு என்று கேட்போம். கொடுக்கும் வரையில் கேட்டுக் கொண்டே இருப்போம். ஆனால், அதுவரையில் அந்தத் தாளைப் படிக்க வீட்டில் ஒரு பிள்ளையாவது வேண்டுமே!

வகுப்பில் நடப்பது என்ன? மழை நாள், கடற்கரையில் ஒரு மாலை, நான் கண்ட பொருட்காட்சி, செய்தித்தாளின் பயன், என் அன்னை என்று தலைப்புகள் வருகின்றன. ஆசிரியர் பலகையில் கட்டுரையை எழுதுகிறார். அல்லது, நோட்ஸில் இத்தனையாம் பக்கம் என்று சொல்லிவிடுகிறார். பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறான், பிறகு பார்க்காமல் எழுதுகிறான், பரீட்சையில் எழுதுகிறான், மறுநாள் மறந்து விடுகிறான். எழுதினான் என்று இதைச் சொல்லுவதே பிசகு. அச்சு இயந்திரமும்தான் பக்கம் பக்கமாகப் போடுகிறது; அது எழுதிற்று என்று யாராவது சொல்லுவதுண்டா?

இலக்கியக் கட்டுரையின் கதி இன்னும் வேடிக்கை. பின்தங்கிய மாணவர்களைத் தேற வைப்பதற்கென்று பொதுப் பத்தி என்ற ஒரு சாமான் இன்று நமது பள்ளிகளில் உலவி வருகிறது. எந்தப் பாட்டைக் கேட்டாலும், எந்தக் கதையைக் கேட்டாலும் அந்த ஒரே பத்தியை எழுதிவிடலாம். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மாற்றிக் கொண்டால் போதும். இவர் சிறந்த எழுத்தாளர், இதில் அரிய கருத்தைச் சொல்லியிருக்கிறார், நடை எளியது, படிப்போர் உள்ளத்தைக் கவர்கிறது, இதனால் நாம் நல்ல படிப்பினை பெறுகிறோம் என்கிற தினுசில் போகும் அது. கவிஞர் இங்கிலீஷ்காரரா, வங்காளியா, பாட்டு சாவைப் பற்றியதா, பட்டாம்பூச்சியைப் பற்றியதா என்கிற கவலையே வேண்டியதில்லை. எல்லாத் தலைக்கும் ஒரே தொப்பி!

இதைச் செய்கிற ஆசிரியரை நாம் ஏசப் போவதில்லை. நிறைந்து வழிகிற வகுப்பு. தாய் தகப்பன் எழுத்தறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மேலேயிருந்து வரும் கேள்வி. இத்தனைக்கும் நடுவே, ‘எப்படியாவது இவனைக் கரையேற்றிவிட வேண்டும்’ என்ற இரக்கத்தினால்தான் அவர் அந்தப் பத்தியைக் கையில் கொடுக்கிறார். பத்தாம் வகுப்புத் தேறாதவன் என்று பெயர் வாங்கி வெளியே போவதைவிட, பொதுப் பத்தியை எழுதித் தேறிப் போவது மேல்தான். அதையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஆனால், கரையேறியவன் நின்று பார்க்கிறான்: அது கரையல்ல, ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு.

2020-இல் மருத்துவக் கல்லூரிகளிலும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு சட்டமாக வந்தது. எத்தனையோ குடும்பங்களில் முதல் டாக்டரும் முதல் எஞ்சினியரும் அந்தக் கதவின் வழியே உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே போன பிள்ளையிடம் முதல் வாரத்திலேயே, “நீ பார்த்ததை நான்கு வரி எழுதிக் கொண்டு வா” என்கிறார் பேராசிரியர். பார்த்ததை எழுதுவதா! அப்படி ஒரு வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லையே. கதவைத் திறக்க நாம் போராடினோம். உள்ளே போனவன் வாய் திறக்க வழி செய்ய வேண்டாமா?

மனப்பாடத்தின் தீமை மறதியோடு முடிவதில்லை. பிள்ளைக்கு அது பொய் சொல்லக் கற்பிக்கிறது. ‘என் அன்னை’ என்ற கட்டுரையை எடுத்துப் பாருங்கள். ஐம்பது பிள்ளைகள், ஒரே அன்னை! அந்த அன்னை விடியற்காலையில் எழுந்து காப்பி கொடுக்கிறாள்; பாடம் சொல்லித் தருகிறாள்; மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போகிறாள்; இரவில் கதை சொல்லித் தூங்க வைக்கிறாள். உண்மையில் அந்த ஐம்பது பேரில் ஒருவன் தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஒருவன் தாய் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். ஒருத்தி நாற்று நடுகிறாள்; ஒருத்தி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ‘என் தகப்பனார்’ என்றாலோ கேட்கவே வேண்டாம். மை பாதர் ஈஸ் எ டாக்டர்! அவர் காரில் போகிறார். மாலையில் பழம் வாங்கி வருகிறார். இதை எழுதுகிற பிள்ளையின் தகப்பன் மூட்டை தூக்குகிறான். மூட்டை தூக்குகிறான் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லுவது என்று எந்த நோட்ஸிலும் இல்லை. ஆகவே தகப்பனை டாக்டராக்கிவிட்டான் பிள்ளை. தன் வீடு எழுதத் தகுந்த வீடல்ல, தன் தாயின் வேலை ஆங்கிலத்தில் சொல்லத் தகுந்த வேலையல்ல என்ற பாடம் அவன் மனத்தில் இறங்கிவிடுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டுரையே சொல்லிவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத் தோழர்கள் அறிந்து கொள்ள வேண்டும். 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் மெக்காலே பிரபு தமது குறிப்பை எழுதினார். வெள்ளையருக்கும் அவர்கள் ஆளுகிற கோடிக்கணக்கான மக்களுக்கும் நடுவே நின்று பெயர்த்துச் சொல்லுவதற்கு, நிறத்தில் இந்தியராகவும் ருசியில் இங்கிலீஷ்காரராகவும் ஒரு கூட்டத்தை உண்டாக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு, இங்கிலீஷ் படித்தவர்களுக்கே சர்க்கார் உத்தியோகத்தில் முதலிடம் என்றார். 1857-இல் சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்தது. குமாஸ்தா வேலைக்கு என்ன வேண்டும்? சொந்தக் கருத்து கூடாது. துரை சொன்னதைப் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் நகல் எடுக்கத் தெரிய வேண்டும். நகல் எடுக்கப் பழக்குவதற்கு நகல் கட்டுரையைவிடச் சிறந்த சாதனம் ஏது? அந்தப் படிப்பின் முதல் பந்தியில் உட்கார்ந்து உண்டவர்கள் யார் யார் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வேதத்தைப் பொருள் தெரியாமல் உருப்போட்டுப் பழகிய நாட்டில், இங்கிலீஷையும் உருப்போடுவது எளிதாகவே ஒட்டிக் கொண்டது.

ஆனால் கட்டுரை என்ற பொருளைக் கண்டுபிடித்தவன் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 1580-இல் பிரெஞ்சு நாட்டு மொந்தேன் என்பவர் தமது எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றுக்கு அவர் இட்ட பெயரைத்தான் இங்கிலீஷ்காரன் ‘எஸ்ஸே’ என்று எடுத்துக் கொண்டான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் முயற்சி, முயன்று பார்த்தல். தமக்குத் தெரிந்ததைத் தாமே எழுதிப் பார்த்தார் அவர். தம் நோயைப் பற்றி எழுதினார். தூக்கத்தைப் பற்றி எழுதினார். வாசனைகளைப் பற்றி எழுதினார். கட்டை விரலைப் பற்றிக் கூட ஒரு கட்டுரை எழுதினார். (கட்டை விரல் என்றதும் நம் தோழர்களுக்கு ஏகலைவன் நினைவு வந்தால் அது நம் குற்றமல்ல.) முயற்சி என்று பொருள்படும் பெயரை வைத்துக் கொண்டு, முயற்சியே செய்யாதே, உள்ளதை ஒப்புவி என்று பிள்ளைக்குச் சொல்லுகிறோம். இதற்கு மேல் கேலிக்கூத்து வேண்டுமா?

பாட்டைப் பற்றி எழுதச் சொல்லுகிறார்களே, அந்தப் பாட்டையாவது முழுதாகக் காட்டுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ‘கிராமத்துப் பள்ளி ஆசிரியர்’ என்ற ஆங்கிலப் பாட்டு நம் நாட்டுப் பாடப் புத்தகங்கள் பலவற்றில் இடம் பெற்றது. கடுமையான தோற்றமுள்ள வாத்தியார். அவர் முகத்தைப் பார்த்து அன்றைய பாட்டை முன்கூட்டியே அறிந்து கொள்ளும் பிள்ளைகள். இத்தனை அறிவு இத்தனை சிறிய தலைக்குள் எப்படி அடங்கிற்று என்று வியக்கும் ஊரார். அந்த வாத்தியாரின் குணங்களை விவரி என்று கேள்வி வரும். கண்டிப்பானவர், இரக்கமுள்ளவர், கணக்கில் வல்லவர், வாதத்தில் தோற்றாலும் விடாதவர் என்று எழுதினால் மார்க்கு.

இது தனிப் பாட்டன்று. கோல்ட்ஸ்மித் என்ற கவிஞர் 1770-இல் வெளியிட்ட நீண்ட பாட்டு ஒன்றிலிருந்து அறுத்து எடுத்த துண்டு இது. அந்த நீண்ட பாட்டின் பெயர் ‘பாழடைந்த கிராமம்’. அது சொல்லுவது என்ன? பணம் படைத்த ஒருவன் தன் மாளிகைக்கும் தோட்டத்துக்கும் ஏரிக்கும் குதிரைகளுக்கும் இடம் வேண்டுமென்று ஊரின் நிலத்தை வளைத்துக் கொள்கிறான். பொதுவிலிருந்த மேய்ச்சல் நிலங்களையும் உள்ளவர்கள் வேலி போட்டுக் கொள்கிறார்கள். உழுது தின்ற குடியானவர்கள் வீடிழந்து, கப்பலேறிக் கண்காணாத அமெரிக்கக் காட்டுக்குப் போகிறார்கள். செல்வம் குவிய மனிதர் அழியும் நாடு உருப்படாது என்று அந்தக் கவிஞர் குமுறுகிறார். அந்த வாத்தியாரும் அவர் பள்ளியும் அழிந்துபோன ஊரின் நினைவுகள். இங்கிலாந்தில் அந்நாளில் பொது நிலங்களை வேலி போட்டு அடைத்துக் கொள்ளப் பார்லிமெண்டே சட்டத்தின் மேல் சட்டமாக இயற்றிக் கொடுத்து வந்தது.

தஞ்சைத் தரணியில் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரின் பேரன், ஊரை விட்டு ரயிலேறித் திருப்பூருக்குப் பஞ்சம் பிழைக்க வந்தவரின் மகன், இந்தப் பாட்டை முழுதாகப் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பான்! எங்கள் ஊரும் இப்படித்தான் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்க மாட்டானா? அந்த ஒரு வரிக்கு நோட்ஸ் வேண்டியிராது. பாட்டின் குரல்வளையை அறுத்துவிட்டு, வாத்தியாரின் பிரம்பை மட்டும் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். ஆங்கில இலக்கியம் நமக்கு அந்நியம் என்று சொல்லுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேர்ட்ஸ்வொர்த் என்ற கவிஞர் 1800-இல் எழுதிய முன்னுரையில், சாதாரண மக்களின் வாழ்க்கையையும் அவர்கள் வாயில் வழங்கும் சொற்களையுமே தாம் எடுத்துக் கொண்டதாகச் சொன்னார். அவரைப் பற்றி எழுத நம் பிள்ளைக்குக் கொடுப்பதோ, எந்த மனிதன் வாயிலும் வழங்காத செத்த சொற்கள்.

சிறு பிள்ளைகளுக்குச் சொந்தமாக என்ன எழுதத் தெரியும் என்று கேட்கிறார்கள் சிலர். புனாவுக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற ஒரு சிறுமி படித்தாள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாங் வகுப்பிலே பிறந்தவள். வயது சுமார் பதினான்கு. மாங், மகர் மக்களின் துயரங்களைப் பற்றி அவள் மராத்தியில் எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதயா’ என்ற பத்திரிகையில் அச்சாயிற்று. வேதம் தங்களுக்கே உரியது என்று பார்ப்பனர் சொல்லுகிறார்களே, அப்படியானால் எங்களுக்கு வேதமில்லை, மதமுமில்லை, எங்கள் மதம் எது என்று கடவுளே சொல்லட்டும் என்று கேட்டாள் அந்தப் பெண். பிள்ளை பெறும் நேரத்தில் எங்கள் பெண்களுக்கு மேலே ஒரு கூரைகூட இல்லையே என்று எழுதினாள். எந்த நோட்ஸில் இருந்தது இது? எந்தப் பொதுப் பத்தியில் இருந்தது? ஓராயிரம் பண்டிதர்கள் கேட்கத் துணியாத கேள்வியைப் பள்ளிக் கட்டுரையிலே கேட்டாள். எழுது என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார், எழுதியதை அடிக்காமல் விட்டார், அவ்வளவுதான் விஷயம்.

அவள் தாய்மொழியில் எழுதினாள், ஆங்கிலத்தில் முடியுமா என்பார்கள். முடிந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் கற்ற கதையை ஆலைத் தோழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பால்டிமோர் நகரில் எஜமானி எழுத்துகளைச் சொல்லித் தரத் தொடங்கினாள். எஜமான் தடுத்தான்; படித்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்றான். (உண்மை தெரிந்த எஜமான்!) தெருவிலே விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்துப் படிக்கக் கற்றார் டக்ளஸ். கப்பல் கட்டும் பட்டறையில், எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு என்பதற்காகத் தச்சர்கள் மரத்தில் ஓர் எழுத்தைக் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் அவர் எழுதக் கற்றார். சுமார் பன்னிரண்டாம் வயதில் ஐம்பது காசு கொடுத்து ஒரு சொற்பொழிவுப் புத்தகம் வாங்கினார். அதில் ஓர் எஜமானும் ஓர் அடிமையும் வாதிடும் பகுதி இருந்தது. அடிமையின் வாதம் வென்றது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதுவும் மனப்பாடம்போலத்தானே என்று கேட்கலாம். ஆம், அதில் அவர் தம் வாழ்க்கையைக் கண்டார். ஆகவே அந்தச் சொற்கள் அவர் சொற்களாகிவிட்டன. 1836-இல் தோழர்களோடு தப்பியோடத் திட்டமிட்டபோது, எஜமானே எழுதியதுபோல் அனுமதிச் சீட்டுகளைத் தம் கையால் எழுதினார். அந்தத் திட்டம் பிடிபட்டது. 1838-இல் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பட்டறைப் பலகையில் தொடங்கிய எழுத்து அது!

நமது இயக்கத்துக்கு இந்த விஷயத்தில் தனிக் கடமை ஒன்று உண்டு. 1968 ஜனவரி 23-ஆம் நாள் அறிஞர் அண்ணா தலைமையில் இருந்த அரசு, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தது. இந்தி ஆதிக்கத்தைத் தடுக்கும் கேடயம் என்றும், உலகத்தைப் பார்க்கும் பலகணி என்றும் ஆங்கிலத்தைப் பற்றி நாம் மேடைதோறும் பேசி வருகிறோம். பேசியது சரி. ஆனால், பலகணியில் தெருவின் படத்தை ஒட்டி வைத்துவிட்டு, இதுதான் தெரு என்று காட்டினால் அது பலகணியாகுமா? ஆங்கிலம் வேண்டும் என்று சொன்னவர்கள்தான், அது நகலாகப் போய்விடாமல் காக்கவும் வேண்டும். வேண்டாம் என்றவர்களா வந்து காப்பார்கள்?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். தகப்பன் தொழிலைப் பற்றிப் பிள்ளை எழுதட்டும் என்றால், 1953-இல் ஆச்சாரியார் கொண்டு வந்த குலக்கல்வித் திட்டத்தை வேறு வேஷத்தில் கொண்டு வருகிறீர்களா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் திட்டம் பிள்ளையைப் பாதி நேரம் பள்ளியை விட்டு அனுப்பி, அப்பன் தொழிலைப் பார்க்கச் சொன்னது. நாடே எதிர்த்தது, 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் குப்பைக்குப் போயிற்று. நாம் கேட்பது, பிள்ளை முழு நேரமும் பள்ளியில் உட்கார்ந்து, தறியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது. தறி ஓட்டுகிறவனுக்குத் தறியைப் பற்றி எழுதத் தெரிந்துவிட்டால், கூலி உயர்வைப் பற்றியும் எழுதத் தெரிந்துவிடும். ஆச்சாரியார் திட்டத்தில் இதற்கு இடமிருந்ததா?

காசு கட்டி ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் கடன் வாங்குகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் பசுவுக்கு நான்கு கால்தான். பளபளப்பான நோட்டில் எழுதுகிறான், கழுத்துப் பட்டை கட்டிக் கொண்டு ஒப்புவிக்கிறான் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. தலைப்பைச் சொன்னால் கைப்பேசியில் உள்ள இயந்திரமே நொடியில் ஆங்கிலக் கட்டுரை எழுதிக் கொடுத்து விடுகிறது. பசுவைப் பற்றிக் கேட்டால், நோட்ஸைவிட நன்றாகவே எழுதுகிறது. நகல் எடுப்பவனுக்கு இதுநாள் வரையில் சந்தையில் ஏதோ ஒரு விலை இருந்தது; அந்த விலையும் போகிற காலம். அந்த இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்று உண்டென்றால், நம் தெருக் குழாயில் நேற்று ஏன் சண்டை வந்தது என்பதுதான். அதைப் பிள்ளைதான் எழுத வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. நோட்ஸில் விடை கிடைக்காத கேள்வி ஒன்றாவது ஒவ்வொரு ஆங்கிலப் பரீட்சையிலும் இருக்க வேண்டும். உன் தெருவைப் பற்றி எழுது, இன்று காலை கண்டதை எழுது என்பதுபோல. சொந்தமாக எழுதிய பிழையுள்ள வாக்கியத்துக்கு, உருப்போட்ட பிழையற்ற வாக்கியத்தைவிட அதிக மார்க்கு என்று திருத்துகிறவர்களுக்கு உத்தரவு போக வேண்டும். இது இல்லாமல் மற்றதெல்லாம் பேச்சு. மார்க்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையும் ஆசிரியரும் இருப்பார்கள். கட்டுரை நோட்டுகளை உட்கார்ந்து படித்துத் திருத்துவதற்கு ஆசிரியருக்கு நேரமும், அதற்கேற்ற வகுப்பு அளவும் வேண்டும். அதற்காகும் செலவை நமது சர்க்காராயினும் பிறர் சர்க்காராயினும் செய்யத்தான் வேண்டும்.

நம் தோழர்களிடம் கேட்பது வேறு. முதலாவது, ஆங்கிலம் தப்பாகப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தை விட வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் ஆங்கிலத்தில் தடுமாறினார் என்றால் மேடையிலே அதைப் பேசிக் கைதட்டல் வாங்குகிறோமே, அதைப் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்கும் பத்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? தப்பாகப் பேசினால் ஊரே சிரிக்கும், ஆகவே உருப்போட்டதைத் தவிர வாய் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டிக் கொள்ளும். நோட்ஸ் செய்கிற கேட்டில் பாதியை நமது சிரிப்பே செய்துவிடுகிறது.

இரண்டாவது, படிப்பகங்கள். ஒரு காலத்தில் சலூனிலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு அரசியல் கற்ற இயக்கம் இது. இன்று படிப்பகங்கள் பலவற்றில் கேரம் பலகைதான் படிக்கப்படுகிறது. கேரம் இருக்கட்டும், மாலையில் ஒரு மணி நேரம் அதை ஓரமாக நகர்த்தி வைத்தால் போதும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளை உட்கார வைத்து, நாளொன்றுக்கு ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். நோட்ஸைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போனாள், எப்படிப் போனாள். ரேஷன் கடையில் இன்று என்ன நடந்தது. மழை வந்தால் வீட்டில் எந்த இடத்தில் ஒழுகுகிறது. ஆங்கிலச் சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போகட்டும். பிறகு அகராதியைப் பார்த்துக் கொள்ளலாம். கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகள் ஊருக்கு இருவராவது இருப்பார்கள். திருத்துவது அவர்கள் வேலை. ஐந்து வாக்கியத்தில் இரண்டு பிழையை மட்டும் திருத்தினால் போதும்; மற்றவை அடுத்த வாரம். பிள்ளைகள் தேறியதும் கடிதங்களுக்குப் போகலாம்: தெரு விளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு ஒன்று, பஸ் நிற்காமல் போகிறது என்று டிப்போ மானேஜருக்கு ஒன்று. அவற்றைத் தமிழிலும் எழுதி, இரண்டையும் உண்மையாகவே தபாலில் போட வேண்டும். பதில் வந்தால் அதையும் பிள்ளைகளே படிக்க வேண்டும். அதன்பிறகு, தோழர்கள் மடித்து வைத்திருக்கும் பழைய தாள்கள் இருக்கின்றனவே, அவற்றில் பெயரை மறைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொண்டு வரலாம். நோட்டுக்கும் பென்சிலுக்கும் நல்ல அகராதி ஒன்றுக்கும் ஆகும் செலவு, வரவேற்பு வளைவு ஒன்றுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கிளைச் செயலாளர்கள் கணக்குப் பார்த்துக் கொள்ளட்டும்.